‘தி சீக்ரெட் ஷேரர்’ கதையின் மறு உருவை வாசிப்பது எப்படி?

கடற்கதைகளில் வரும் மறு உருவை, அதாவது ஒருவரின் இன்னொரு நகலாகத் தோன்றும் மனிதரைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஆங்கில எழுத்தாளர் ஜோசப் கான்ராடின் ‘தி சீக்ரெட் ஷேரர்’ போல ஏற்ற கதை வேறில்லை என்பது என் கருத்து. 1909ஆம் ஆண்டின் இறுதியில் எழுதப்பட்டு, 1910 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஹார்ப்பர்ஸ் இதழில் வெளிவந்த இக்கதையில் பேயில்லை, மாயமில்லை, உருவம் மாறும் மருந்தும் இல்லை. ஓர் இளம் கேப்டன், இரவில் நீந்தி வந்த ஒரு கொலையாளியைத் தன் அறையில் ஒளித்து வைக்கிறார். அவனைத் தன் மறு உரு என்றே தொடர்ந்து குறிப்பிடுகிறார். இதைப் படித்து முடித்தவுடன் பெரும்பாலோர் எழுதும் முதல் வாக்கியம், “நீந்தி வந்தவன் கேப்டனின் மனத்தில் உள்ள இருண்ட பக்கத்தின் குறியீடு” என்பதாகும். அந்த வாக்கியம் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கதையைப் படிக்காதவரும் அதை எழுதிவிட முடியும் என்பதே அதன் குறை. கதைக்குள்ளிருந்தே சான்றுகளைத் திரட்டி, நம்முடையது என்று சொல்லிக்கொள்ளத்தக்க ஒரு விளக்கத்தை எட்டும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் வாசிப்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்

கான்ராட் 1924இல் மறைந்தவர் என்பதால் அவருடைய கதைகளுக்கு இப்போது பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லை. குட்டன்பர்க் தளத்தில் இக்கதை இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டே பகுதிகள்தாம். முதல் முறை படிக்கும்போது குறியீடுகளைத் தேடாமல், நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

அந்த வரிசை இதுதான். சயாம் (இன்றைய தாய்லாந்து) வளைகுடாவின் தலைப்பகுதியில், மெய்நாம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு பாய்மரக் கப்பல் காற்றுக்காக நங்கூரமிட்டு நிற்கிறது. அதன் கேப்டன் பொறுப்பேற்று இரண்டு வாரமே ஆகிறது. மற்றவர்களோ ஏறத்தாழ பதினெட்டு மாதங்களாக ஒன்றாக இருப்பவர்கள். அன்றிரவுக் காவலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எல்லோரையும் தூங்க அனுப்பிவிட்ட கேப்டன், பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியை மேலே இழுக்க முயலும்போது, அதன் கீழ்முனையை ஒருவன் பற்றிக்கொண்டு நீரில் மிதப்பதைக் காண்கிறார். அவன் பெயர் லெகட். தீவுகளுக்கு உட்புறம் நிற்கும் ‘செஃபோரா’ என்ற நிலக்கரிக் கப்பலின் முதன்மை அதிகாரியாக இருந்தவன். புயலின்போது ஒரு மாலுமியைக் கொன்றுவிட்டு, ஏழு வாரங்களுக்குச் சற்றுக் குறைவாக அறையில் அடைபட்டிருந்து தப்பி வந்தவன். கேப்டன் அவனை ஒளித்து வைக்கிறார். தேடி வந்த செஃபோராவின் கேப்டனை ஏமாற்றித் திருப்பி அனுப்புகிறார். இறுதியில் கோ-ரிங் என்ற தீவின் கரையை ஒட்டி, மோதிவிடும் அளவுக்கு அருகில் கப்பலைக் கொண்டு சென்று, அவன் நீந்தித் தப்ப வழி செய்கிறார்.

படிக்கும்போதே கேப்டனின் அறையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். ஆங்கில ‘எல்’ எழுத்தின் வடிவில் அமைந்த அறை அது. கதவு அந்த எழுத்தின் உள்மூலையில் இருக்கிறது. கதவைத் திறப்பவருக்குப் படுக்கையும் மேசையும் உள்ள குறுகிய பகுதி தெரியும், நீண்ட பகுதி தெரியாது. அந்த நீண்ட பகுதியின் கோடியில் குளியலறைக் கதவு. லெகட் எங்கே உட்கார்ந்தான், ஸ்டூவர்ட் (கேப்டனின் அறையைக் கவனிக்கும் பணியாளர்) எந்தப் பக்கமாக வந்தார், யார் கண்ணுக்கு எது மறைந்திருந்தது என்பவை இந்தப் படம் இல்லாமல் தெளிவாகப் புரிவதில்லை.

இரண்டாம் வாசிப்பு: ஒப்புமையைச் சொல்வது யார்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தில் இருவரும் ஒன்று என்று சொல்லும் இடங்களையும், வலப்பக்கத்தில் இருவரும் வேறு என்று காட்டும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே அதைச் சொல்பவர் யார் என்பதையும் எழுதுங்கள்.

இடப்பக்கம் விரைவாக நிரம்பிவிடும். “என் மறு உரு”, “என் இன்னொரு நான்”, “என் ரகசிய இணை” என்ற வகையிலான தொடர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் எதிரே எழுதப்படும் பெயர் ஒன்றே: கேப்டன். தங்கள் கேப்டனைப் போலவே இருக்கும் ஒருவனைப் பார்த்ததாக அக்கப்பலில் யாரும் சொல்வதில்லை. லெகட்டும், தன்னைப் புரிந்துகொள்ளும் ஒருவர் கிடைத்தார் என்று நெகிழ்கிறானே தவிர, நான்தான் நீங்கள் என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை. இரட்டை வேடப் படங்களில் ஒரே முகத்தை இருமுறை திரையில் பார்த்துப் பழகிய நாம், இங்கேயும் அந்த ஒற்றுமையைக் கண்ணால் கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்; கதையில் நமக்குக் கிடைப்பதோ ஒருவருடைய வாக்குமூலம் மட்டுமே.

அந்த வாக்குமூலம் வளரும் விதத்தை அருகில் சென்று பாருங்கள். நனைந்த உடம்போடு ஏறி வந்தவனுக்குக் கேப்டன், தான் அணிந்திருக்கும் அதே சாம்பல் நிறக் கோடு போட்ட இரவு உடையைக் கொடுக்கிறார். அதை அணிந்துகொண்டு அவன் தளத்தின் பின்பகுதிக்கு வரும்போதுதான், “என் மறு உருவைப் போல” என்னைப் பின்தொடர்ந்தான் என்ற தொடர் முதன்முதலாக வருகிறது. அதாவது ஒப்புமை உடையிலிருந்து பிறக்கிறது. அந்த உடையைக் கொடுத்தவரோ ஒப்புமையைக் காண்பவரே. அடுத்து, கரிய பெரும் கண்ணாடியின் ஆழத்தில் தன் பிம்பத்தையே எதிர்கொண்டது போல இருந்தது என்கிறார், இங்கும் உவமைதான். சில பக்கங்கள் கழிந்ததும் ‘போல’ உதிர்ந்துவிடுகிறது, ‘என் மறு உரு’ என்பதே அவனுக்குப் பெயராகிவிடுகிறது. உவமையாகத் தொடங்கியது அடையாளமாக இறுகிவிடும் இந்த நகர்வைப் பக்க எண்ணோடு குறித்து வைத்துக்கொண்டால், உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

வலப்பக்கத்தில் எழுத வேண்டிய முதன்மையான சான்றும் கேப்டனின் வாயிலிருந்தே வருகிறது. இருவரும் படுக்கையருகே தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும் காட்சியில், அவன் உண்மையில் என்னைப் போல இருக்கவே இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். ஆனாலும் யாராவது கதவைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு கேப்டன் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் விந்தையைக் கண்டிருப்பார் என்று உடனே சேர்த்துச் சொல்கிறார். அந்த அறையின் கதவை அப்போது யாரும் திறக்கவில்லை. இல்லாத ஒரு பார்வையாளரின் கண்ணை அவர் கடன் வாங்குகிறார். புதிதாகப் படிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். கதையின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துக் கவனியுங்கள். கதையைச் சொல்லும் கேப்டன், நிகழ்ச்சி நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு சொல்கிறார். செஃபோராவின் கேப்டனுடைய பெயர் ஆர்ச்போல்ட் என்பது போன்ற ஏதோ ஒன்று, இத்தனை ஆண்டுகள் கழித்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார். லெகட்டின் பெயரிலோ அவருக்குத் தடுமாற்றமே இல்லை. தன் பெயரையும் தன் கப்பலின் பெயரையும் அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

கொலையைப் பற்றிய இரண்டு சாட்சியங்களை அருகருகே வையுங்கள்

மறு உருவை எப்படி மதிப்பிடுகிறோம் என்பது, லெகட் செய்ததை எப்படி மதிப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இதற்கு இரண்டு வாக்குமூலங்கள் உள்ளன. லெகட்டின் கூற்றுப்படி, புயலில் கப்பல் அழியும் தறுவாயில் கேப்டனின் நெஞ்சுறுதி குலைந்துவிட்டது. பாதி சுருட்டிய முன்பாயை விரிக்க வைத்துக் கப்பலைக் காப்பாற்றியவன் தானே. அந்த வேளையில் எதிர்த்துப் பேசிய மாலுமியின் கழுத்தைப் பிடித்தபோது பேரலை வந்து விழுந்தது. அலை வடிந்தபோது அவன் செத்துக் கிடந்தான், தன் கைகள் அவன் கழுத்திலேயே இருந்தன. ஆர்ச்போல்டின் கூற்றுப்படி, முப்பத்தேழு ஆண்டுகள் கடலில் அப்பழுக்கில்லாமல் இருந்த தனக்கு, தன் கப்பலில் நேர்ந்த களங்கம் அது; சட்டத்திடம் ஒப்படைப்பது தன் கடமை.

இவ்விரண்டும் உரசும் இடம் ஒன்றே. அந்தப் பாய்தானே உங்களைக் காப்பாற்றியது என்று நம் கேப்டன் தூண்டிலைப் போடும்போது, ஆர்ச்போல்ட் இறைவனின் கை என்று உணர்ச்சிவசப்படுகிறார். ஆணையிடவே தனக்குத் துணிவு வரவில்லை என்றும் சொல்கிறார். ஆணை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. இந்த உரையாடலின்போது நம் கேப்டன் காது கேளாதவர் போல நடிக்கிறார். ஆர்ச்போல்ட் உரக்கப் பேசினால்தான் மறைந்திருக்கும் லெகட்டின் காதில் விழும் என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. நீதிபதியின் இடத்தில் இருக்க வேண்டிய வாசகரின் முன், தீர்ப்பை ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒருவர் விசாரணை நடத்துகிறார் என்பதை மறக்கக் கூடாது. லெகட்டும் இக்கேப்டனும் ஒரே பயிற்சிக் கப்பலான கான்வேயில் பயின்றவர்கள். செத்துப்போன மாலுமிக்கோ கதையில் ஒரு பெயர்கூட இல்லை. எனக்கு இது சிறிய விஷயமாகப் படவில்லை. ஒருவனைத் தன்னைப் போன்றவன் என்று ஏற்றுக்கொள்ளும்போது, அவனால் இறந்தவன் எவ்வளவு எளிதாகப் பார்வையிலிருந்து விலகிவிடுகிறான் என்பதை இங்கே பார்க்கிறோம்.

அவன் உண்மையில் இருக்கிறானா?

லெகட் கேப்டனின் கற்பனையே என்ற விளக்கமும் உண்டு. அதைக் கதையின் சான்றுகளோடு சோதித்துப் பார்க்கலாம். லெகட் என்ற மனிதன் இருந்தான் என்பதற்கு ஆர்ச்போல்டும் அவருடைய ஆட்களும் சாட்சி. இந்தக் கப்பலில் அவன் இருந்தான் என்பதற்குக் கேப்டனைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஸ்டூவர்ட் ஈரக் கோட்டை மாட்டுவதற்காகக் குளியலறைக் கதவைத் திறந்து கையை நீட்டும் காட்சியில் கேப்டனுக்கு உயிரே போய்விடுகிறது. கூச்சல் எதுவும் எழாதபோது, அவன் என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறானா என்ற ஐயம் அவருக்கே வருகிறது, பைத்தியத்தின் எல்லையை நெருங்கிவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதே கணத்தில் லெகட் கையை உயர்த்தி, மயிரிழையில் தப்பினேன் என்று சைகை காட்டுகிறான். குளியல் தொட்டியில் ஒடுங்கிக் குந்தியிருக்கிறான், கேப்டனின் காலைக் காபியைக் குடிக்கிறான், டின்னில் அடைத்த உணவுகளைத் தின்கிறான். ஐயத்தை எழுப்பும் கதையே அதற்கு எதிரான சாட்சியங்களையும் அடுக்குகிறது. ஆகவே கற்பனையா உண்மையா என்று தீர்ப்பு எழுதுவதைக் காட்டிலும், கேப்டனுக்கு அந்த ஐயம் எப்போது வருகிறது, எதனால் விலகுகிறது என்று எழுதுவது பயனுள்ளது.

சொல்லை விட்டுச் செயலைப் பாருங்கள்

கேப்டன் சொல்லும் ஒப்புமைகளை விட, அவர் சொல்லாமல் கதை காட்டும் ஒப்புமைகள் கனமானவை. கயிற்றேணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் மேலே இழுக்கப்படவில்லை என்று முதலில் அதிகாரிகள்மீது எரிச்சல் கொள்ளும் கேப்டன், காவல் முறையை மாற்றி எல்லோரையும் அனுப்பிவிட்டவர் தானே என்று உடனே உணர்கிறார். மறு உரு கப்பலுக்குள் ஏறி வந்த வழியைத் திறந்து வைத்தது அவருடைய வழக்க மீறலே.

அடுத்தது கோ-ரிங் காட்சி. கரையின் கரிய நிழல் கப்பலின்மேல் கவிகிறது. தாடி மண்டிய முதன்மை அதிகாரி, கப்பல் தொலைந்தது என்று புலம்பத் தொடங்குகிறார். கேப்டன் அவருடைய கையைப் பற்றி உலுக்குகிறார், பேசிக்கொண்டே உலுக்கிக்கொண்டிருக்கிறார், விடாமல் உலுக்குகிறார். ஆபத்தின் உச்சியில், நெஞ்சுறுதி இழந்த ஒருவனை, பாய்களைக் கையாள வேண்டிய வேளையில் கப்பல் அதிகாரி ஒருவர் பிடித்து உலுக்குவதை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். அங்கே கை பட்டது கழுத்தில், இங்கே படுவது புயத்தில். லெகட் நின்ற இடத்தில் கேப்டன் நிற்கிறார், ஆனால் ஒருவரும் சாகவில்லை. இருவரும் ஒன்றா, வேறா என்ற கேள்விக்குக் கதை தரும் மிகக் கூர்மையான விடை இந்தக் கைப்பிடியில் இருக்கிறது. இதைப் பற்றிக் கேப்டன் ஒரு விளக்கமும் சொல்வதில்லை. கூடவே, அந்த ஆபத்தை உருவாக்கியவர் யார் என்பதையும் கேளுங்கள். புயல் லெகட்டைத் தேடி வந்தது; கோ-ரிங்கைத் தேடிப் போனவர் கேப்டன். ஒருவனைக் காப்பாற்றக் கப்பலில் உள்ள அத்தனை பேரையும் பணயம் வைத்தார். இதை மூடி மறைக்கும் விளக்கம் எதுவும் முழுமையாகாது.

கடைசியாகத் தொப்பி. கரை ஏறியதும் வெயிலில் வாடுவான் என்று எண்ணி, கேப்டன் தன் தொப்பியைக் கழற்றி இருட்டில் அவன் தலையில் திணிக்கிறார். நீந்தும்போது அது நழுவி நீரில் மிதக்கிறது. புதிய கப்பலின் போக்கு பிடிபடாமல், அது பின்னோக்கி நகரத் தொடங்கிவிட்டதா என்று அறியக் கண்ணுக்கு ஓர் அடையாளம் தேடித் தவிக்கும் கேப்டனுக்கு அந்தத் தொப்பியே அடையாளமாகிறது; அதைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பச் சொல்லிக் கப்பலை மீட்கிறார். உடையைக் கொடுத்து ஒருவனைத் தன் பிம்பமாக்கிக்கொண்ட மனிதருக்கு, கொடுத்த பொருள் அவனை விட்டுப் பிரிந்து மிதக்கும்போதுதான் உதவி கிடைக்கிறது. இரக்கத்தின் பலன் என்று இதை வாசிக்கலாம். மறு உருவிலிருந்து விடுபட்ட பிறகே அவர் கேப்டனாகிறார் என்றும் வாசிக்கலாம். எனக்கு இரண்டாவதே நெருக்கமானது, ஏனெனில் அந்தக் கணத்தில்தான் அவர் முதன்முறையாகக் கப்பலை மட்டும் பார்க்கிறார்.

பின்னணியை எந்த அளவுக்குச் சேர்க்கலாம்?

கான்ராட் தாமே கடலோடி. 1888 ஜனவரியில், முப்பதாவது வயதில், பாங்காக்கில் ‘ஒட்டாகோ’ என்ற கப்பலுக்குக் கேப்டனாகப் பொறுப்பேற்று இதே வளைகுடாவில் பயணம் செய்தார். இதை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்; கதையின் கேப்டனே கான்ராட் என்று எழுதத் தேவையில்லை.

கொலையின் மூலம் வேறு. இன்று லண்டன் கிரீனிச்சில் காட்சிக்கு நிற்கும் ‘கட்டி சார்க்’ கப்பலில் 1880இல் ஒரு முதன்மை அதிகாரி மாலுமி ஒருவரை அடித்துக் கொன்றார். அக்கப்பலின் கேப்டனே அவர் தப்பிக்க உதவினார். சில நாட்களில் அந்தக் கேப்டன் கடலில் குதித்து உயிரை விட்டார். தப்பியவர் பின்னர் பிடிபட்டு, 1882இல் லண்டனில் விசாரிக்கப்பட்டு ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். கான்ராட் செய்த மாற்றங்கள்தாம் நமக்கு முக்கியம். கொலையைப் புயலின் நடுவே வைத்தார். அடியைக் கழுத்துப் பிடியாக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மை நிகழ்ச்சியில் ஒரே மனிதராக இருந்த கேப்டனை இருவராகப் பிரித்தார். சட்டத்துக்கு அஞ்சும் பாதி ஆர்ச்போல்ட் ஆயிற்று, தப்ப விடும் பாதி கதைசொல்லி ஆயிற்று. இக்கதையில் மறு உரு லெகட் மட்டும்தானா என்ற கேள்வி இங்கே பிறக்கிறது. ஆர்ச்போல்டைக் கண்டு நம் கேப்டன் ஏன் அவ்வளவு வெறுப்படைகிறார் என்று தேடிப் பாருங்கள்.

கோட்பாடுகளை இவை எல்லாவற்றுக்கும் பிறகே எடுங்கள். 1950களில் ஆல்பர்ட் கெராட் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் யுங்கின் உளவியலைத் துணைக்கொண்டு, இக்கதையைத் தன்னுள் இறங்கித் திரும்பும் பயணமாக வாசித்தார். பலர் அவ்வழியைப் பின்பற்றினர். அது வலுவான வாசிப்பு. ஆனால் மறு உருவைப் பற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஆட்டோ ராங்கின் ஆய்வு 1914இலும், பிராய்டின் புகழ்பெற்ற கட்டுரை 1919இலும்தான் வெளிவந்தன. அவற்றிலிருந்து கான்ராட் எடுத்துக்கொண்டதாக எழுதினால் காலக் கணக்கு இடிக்கும். கெயினின் விவிலியக் கதையோ கதைக்குள்ளேயே இருக்கிறது. பூமியின் முகத்திலிருந்து துரத்தப்பட்டவன் என்று லெகட் தன்னையே குறிப்பிடுகிறான். இறுதியில் கேப்டன், அவனைக் கொல்ல வரும் கையைத் தடுக்க அவன் நெற்றியில் கெயினுக்கு இடப்பட்டது போன்ற அடையாளம் இல்லையே என்கிறார். சகோதரனைக் கொன்றவனின் கதையை இருவரும் பேசுகிறார்கள், கொல்லப்பட்ட சகோதரனான ஆபேலைப் பற்றியோ, அப்படிப்பட்ட ஓர் ஆபேலுக்கு இந்த விலையே போதும் என்று லெகட் அலட்சியமாகச் சொல்வதோடு சரி.

எழுத உட்காரும்போது

“லெகட் எதன் குறியீடு” என்று தொடங்காமல், “லெகட்டைத் தன் மறு உரு என்று நம்புவதால் கேப்டனால் எதைச் செய்ய முடிகிறது, எதைப் பார்க்க முடியாமல் போகிறது” என்று தொடங்கிப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஒரு பெயர்ச்சொல் விடையாகிவிடும். இரண்டாவது கேள்வி உங்களைக் காட்சிகளுக்கு அனுப்பும். நோட்டின் இரு பக்கங்களிலிருந்தும் இரண்டிரண்டு இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒரு பத்தியில் விரித்தாலே முதல் கட்டுரைக்குப் போதும். உங்கள் கருத்துக்கு இடைஞ்சலான ஓர் இடத்தையாவது கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் கைவந்த பிறகு அடுத்துப் படிக்க வேண்டியது, கான்ராட் 1917இல் நூலாக வெளியிட்ட ‘தி ஷேடோ லைன்’. அதே வளைகுடா, முதன்முறையாகப் பொறுப்பேற்கும் அதே போன்ற இளம் கேப்டன். அங்கே வளைகுடாவின் வாயிலில் கடலில் அடக்கம் செய்யப்பட்ட பழைய கேப்டன் கப்பலை மறிக்கிறார் என்று நோயுற்ற அதிகாரி ஒருவர் நம்புகிறார். கதைசொல்லி அதை ஏற்க மறுக்கிறார். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே பேசுபவரின் பெயரை எழுதிக்கொண்டே படியுங்கள். இம்முறை பெயர்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும்.